நறுமணமும் நோய் நிவாரணமும் - தைலங்களைப் பற்றி ஒரு மார்க்க விளக்கம்

  

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹு தஆலாவுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நாயகம் ரசூலே கரீம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நம் இல்லங்களில் மணத்திற்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அத்தர் சீசா திறக்கப்படுகிறது. வியாழன் மாலையில் பல வீடுகளில் சாம்பிராணி புகைகிறது. அயல்நாட்டிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளையின் பெட்டியில் கோடாலித் தைலம் இல்லாமல் இருப்பதில்லை. மய்யித்தைக் குளிப்பாட்டும் நேரத்திலும் கற்பூரம் கலந்த தண்ணீர் தேவைப்படுகிறது. பிறந்த வீட்டிலிருந்து மண்ணறை வரை நம்மோடு வரும் இந்த நறுமண எண்ணெய்கள் எவை, அவற்றால் வரும் நன்மை என்ன, எந்த இடத்தில் கை நிறுத்த வேண்டும் என்பதை அறிந்தவர்கள் நம்மில் சிலரே. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் கடைவீதிகளில் இன்று 'நபிவழி மருத்துவம்' என்ற முகப்புச் சீட்டோடு பலவகை எண்ணெய்கள் விற்கப்படுகின்றன. மார்க்கத்தின் பெயரால் ஒரு பொருள் நம் குழந்தையின் வாய்க்குள் போகும்போது, அது பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பது நம் கடமையல்லவா?

மணம் ஓர் அருட்கொடை

நறுமணம் தமக்கு மிகவும் பிரியமாக்கப்பட்டது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய செய்தி நஸாயீயில் வந்துள்ளது. அன்பளிப்பாகத் தரப்படும் வாசனைப் பொருளை அவர்கள் மறுத்ததில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். ஜும்ஆவுக்குக் குளித்து, பல் துலக்கி, கிடைத்த நறுமணத்தைப் பூசிச் செல்வது சுன்னத்து. நல்ல நண்பனைக் கஸ்தூரி விற்பவனுக்கும், தீய நண்பனைக் கொல்லனின் உலைத்துருத்திக்கும் ஒப்பிட்டுக் கூறினார்கள்.

திருக்குர்ஆனைப் பாருங்கள். ரய்ஹான் எனும் நறுமணச் செடி அர்ரஹ்மான் சூராவில் வருகிறது. சுவனவாசிகளின் பானத்தில் காபூர் கலந்திருக்கும் என்றும், பிறகு இஞ்சி கலந்திருக்கும் என்றும் 76-ஆவது சூரா கூறுகிறது. 83-ஆவது சூராவில் கஸ்தூரி முத்திரை பேசப்படுகிறது. ஸைத்தூன் மரமோ பரக்கத்துள்ள மரம் என்றே போற்றப்படுகிறது.

அதே மார்க்கம் மணத்திற்கு வரம்பும் வகுத்திருக்கிறது. இஹ்ராமில் இருப்பவர் வாசனை பூசக்கூடாது. கணவனை இழந்து இத்தாவில் இருக்கும் பெண் பூசக்கூடாது. பள்ளிக்கு வரும் பெண் பூசி வரக்கூடாது. நல்லதொரு பொருளுக்கும் இடம், காலம், அளவு உண்டு என்பதே இதில் நமக்குள்ள பாடம். மணத்திற்கே இவ்வளவு வரம்பு என்றால், அதை மருந்தாக்கி உடலுக்குள் செலுத்துவதற்கு எவ்வளவு வரம்பு வேண்டும்!

எண்ணெயும் தைலமும் ஒன்றல்ல

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், ஸைத்தூன் எண்ணெய் ஆகியவை வித்தையோ காயையோ பிழிந்து எடுப்பவை. இவை உணவும் ஆகும். இவற்றில் ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டால் கறை நிலைத்து நிற்கும்.

கிராம்புத் தைலம், நீலகிரித் தைலம், சந்தனத் தைலம் ஆகியவை வேறு இனம். இலை, பூ, பட்டை, வேர், கட்டை இவற்றில் மிகச் சிறிய அளவில் ஒளிந்திருக்கும் மணச்சத்தை ஆவியாக்கிக் குளிரவைத்து எடுப்பவை. யூகலிப்டஸ் போன்ற இலகுவான தைலத்தில் ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டால் சிறிது நேரத்தில் பறந்துவிடும்; கறை அநேகமாக நிற்காது. ஒரு கிலோ ரோஜாத் தைலத்திற்கு ஏறத்தாழ 3,000 முதல் 5,000 கிலோ இதழ்கள் வேண்டும். இவ்வளவு பூவின் சத்தும் ஒரு சிறு குப்பிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே, இதில் ஒரு சொட்டு என்பது ஒரு பூவுக்குச் சமம் அல்ல; ஒரு கூடைப் பூவின் வீரியம் அதில் இருக்கலாம்.

சித்த வைத்தியத்தில் தைலம் என்பது பெரும்பாலும் மூலிகைகளை நல்லெண்ணெயில் காய்ச்சி எடுப்பது. யூனானியில் ரோகன் என்பதும் அநேகமாக அவ்வாறே. ஆவி பிடித்து எடுக்கும் நீரை ஹகீம்கள் அர்க் என்பார்கள், பன்னீர் அவ்வகை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் நாம் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுக்கிறோம். தவறு இங்கேதான் ஆரம்பமாகிறது.

முன்னோர் விட்டுச் சென்ற கலை

ஆவி பிடித்து மணம் எடுக்கும் கலையில் நம் முன்னோர் ஆற்றிய பணி பெரிது. கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தீ அவர்களின் பெயரில் வாசனைப் பொருள்கள் தயாரிக்கும் முறைகளைப் பற்றிய நூலொன்று உண்டு. வடிகலனுக்கு அரபியில் அல்-அன்பீக் என்று பெயர். ஐரோப்பிய மொழிகளும் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டன. இப்னு ஸீனா (980-1037) அவர்களின் அல்-கானூன் பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் பாடநூலாக இருந்தது. சாம்பிராணி வகைப் பிசினுக்கு அரபு வணிகர்கள் வைத்த பெயர் லுபான் ஜாவீ, அதாவது ஜாவா நாட்டுக் குங்கிலியம் என்பது. அப்பெயரே திரிந்து மேல்நாட்டில் பென்ஸாயின் ஆயிற்று.

இந்தியாவில் அத்தருக்குப் பேர்போன ஊர் உத்தரப் பிரதேசத்திலுள்ள கன்னௌஜ். அங்கே தேக் எனும் செம்புக் கொப்பரையில் பூவையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, மெதுவான தீயில் காய்ச்சுவார்கள். மூங்கில் குழாய் வழியே வரும் ஆவி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் பப்கா எனும் கலத்தில் குளிர்ந்து, அதிலுள்ள சந்தன எண்ணெயில் மணத்தை விட்டுவிடும். இதுவே அத்தர்.

நம் தமிழகத்தில் நீலகிரித் தைலம் பெயர் பெற்றது. ஆஸ்திரேலியாவுக்குரிய யூகலிப்டஸ் மரம் 1843-ஆம் ஆண்டில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று நமக்கு அது சொந்த மரம் போல் ஆகிவிட்டது. பூவின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கியிருக்கும் பூந்தமல்லியில் வாழும் நமக்கு மல்லிகையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மல்லிகையின் மணம் கடுமையான சூட்டைத் தாங்காது. ஆகவே சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பக்கத்து ஆலைகளில் ஆவி பிடிக்காமல் கரைப்பான் திரவத்தைக் கொண்டே அதன் சாரத்தை எடுக்கிறார்கள்.

அகில் கட்டையில் ஓர் அத்தாட்சி இருக்கிறது. ஆரோக்கியமான அகில் மரத்திற்கு அந்த மணம் இல்லை. மரம் காயப்பட்டு, பூஞ்சை தாக்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ள அது சுரக்கும் பிசினே ஊது ஆகிறது. சோதனையில் பொறுமை காத்த முஃமினின் நிலை போன்றதல்லவா இது? சிந்திப்போருக்கு மரமும் பாடம் சொல்கிறது.

மருந்து தேடுவது தவக்குலுக்கு விரோதமா?

நோய் வந்தால் அல்லாஹ்வே போதும், மருந்து எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். கிராமத்து அரபிகள் வந்து, நாங்கள் வைத்தியம் செய்து கொள்ளலாமா என்று வினவியபோது, செய்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முதுமையைத் தவிர ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்றும் அறிவித்தார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) வழியாக இது அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் வந்துள்ளது.

இன்னும் ஒன்று கவனியுங்கள். ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். மார்பில் கை வைத்துப் பார்த்தார்கள். பிறகு, ஸகீஃப் குலத்தைச் சேர்ந்த வைத்தியரான ஹாரிஸ் இப்னு கலதாவிடம் செல்லுமாறு கூறி, அஜ்வா பேரீச்சம்பழத்தையும் மருந்தாகக் குறித்தார்கள். வஹீ இறங்கும் திருத்தூதரே ஒரு தோழரை வைத்தியரிடம் அனுப்பினார்கள் என்றால், டாக்டரிடம் போவது ஈமானுக்குக் குறைவு என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

கருஞ்சீரகம் பற்றிய சரியான கருத்து

கருஞ்சீரகத்தில் மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் நிவாரணம் உண்டு என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அதன் பொருளை யாரிடம் கேட்பது? சீசாவில் ஒட்டிய சீட்டிடமா, ஹதீஸ் கலை வல்ல இமாம்களிடமா? 'எல்லா நோய்' எனும் பொதுச் சொல், அதன் குணத்திற்குப் பொருந்தும் நோய்களையே குறிக்கும் என்று இமாம் கத்தாபீ (ரஹ்) விளக்கினார்கள். ஹிஜ்ரி 751-இல் மறைந்த இப்னுல் கையிம் (ரஹ்) அவர்களும் குளிர்ச்சியால் வரும் நோய்களையே முதன்மையாக எடுத்துக் கூறினார்கள். பிற மருந்துகளோடு சேர்த்தும், அளவறிந்தும் கையாளுவதே ஹகீம்களின் வழக்கம்.

ஆகவே, நீரிழிவுக்காரர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு ஒரு கரண்டி கருஞ்சீரக எண்ணெயை நம்பியிருப்பது ஹதீஸைப் பின்பற்றுவது ஆகாது. புற்றுநோய்க்காரரின் சிகிச்சை நாள்களை அந்த எண்ணெயைக் காட்டிக் கடத்துவதும் அவ்வாறே. அவர் பின்பற்றுவது ஹதீஸின் பெயரைச் சொல்லி விற்பவரை. நோய் முற்றிய பிறகு, நபிவழி மருத்துவம் பலிக்கவில்லையே என்று பிறர் பேசும்படி ஆகிறது. நாயகத்தின் வார்த்தைக்கு அந்த அவப்பெயர் வரக் காரணமானவர்கள் நாமே அல்லவா?

அறியாமல் வைத்தியம் செய்பவர் பொறுப்பாளி

இப்போது தாய்மார்கள் நன்கு செவிமடுக்க வேண்டும்.

ஒரு வீட்டில் கைக்குழந்தைக்குச் சளி. இரவு நேரம். பக்கத்து வீட்டுப் பெரியம்மா அன்போடு வந்து, நீலகிரித் தைலத்தில் இரண்டு சொட்டைச் சர்க்கரையில் விட்டுக் கொடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து மார்பிலும் மூக்கிலும் தடவச் சொல்கிறார். இருவரின் நிய்யத்தும் நல்லதே. ஆனால் அந்தக் குழந்தையின் உடல் நிய்யத்தை அறியாது. விஷத்தை மட்டுமே அறியும்.

நீலகிரித் தைலம் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். கற்பூரத்தின் கொடுமை அதனினும் கடுமை. விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு கண்டுவிடலாம். கற்பூரமோ மென்தாலோ கைக்குழந்தையின் மூக்கருகே பூசப்பட்டால் மூச்சே தடைபடலாம். வலித் தைலங்களில் சேரும் விண்டர்கிரீன் எண்ணெய் ஆஸ்பிரின் இனத்தைச் சேர்ந்தது; ஒரு தேக்கரண்டி குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பெரியவர்களிலும் கற்பூரம், யூகலிப்டஸ் கலந்த தைலங்களைப் பூசியோ முகர்ந்தோ வலிப்பு கண்டவர்களைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் அண்மை ஆண்டுகளில் எழுதியிருக்கிறார்கள்.

நம் அலமாரியிலுள்ள கோடாலித் தைலத்தை எடுத்துப் பாருங்கள். 1928-இல் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு அது. மென்தால், யூகலிப்டஸ், விண்டர்கிரீன் சத்து, கற்பூரம் எல்லாம் அந்தச் சிறு குப்பியில் இருக்கின்றன. பெரியவரின் நெற்றிக்கு இதம் தருவது, தவழும் குழந்தையின் கைக்கு எட்டினால் விஷம்.

வைத்தியத்தில் அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்து அதனால் கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய நூல்களில் வந்துள்ளது. ஃபிக்ஹு சட்டத்தில் இதன்மீது நஷ்டஈடே கடமையாகிறது. பக்கத்து வீட்டுக்கு மருந்து சொல்லும் முன் இந்த ஹதீஸ் நம் நினைவில் நிற்கட்டும். அன்பு காட்டுவது நன்மை. அறிவில்லாமல் மருந்து காட்டுவது அமானிதத்தில் கைவைப்பது. ஏனெனில் குழந்தை நமக்கு அல்லாஹ் தந்த அமானிதம்.

பயன்படுத்தும் முறை

இவ்வளவும் சொன்னதால் தைலங்களைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அளவோடு நின்றால் அவற்றால் நன்மையும் உண்டு.

1. கிராம்புத் தைலம் பல்வலிக்கு இதம் தரும். அதிலுள்ள யூஜினால் எனும் சத்து மரத்துப் போகச் செய்கிறது. தேங்காய் எண்ணெயில் கலந்து பஞ்சில் நனைத்து வலிக்கும் பல்லில் மட்டும் வைக்கலாம். நேராக விட்டால் ஈறு புண்ணாகும். வலி அடங்கியதும் பல் டாக்டரிடம் போக வேண்டும். பல்லின் சொத்தை எண்ணெயால் அடையாது.

2. மூக்கடைப்பு உள்ள பெரியவர்கள் கைக்குட்டையில் ஒரு சொட்டு நீலகிரித் தைலம் விட்டு முகரலாம். வலிப்பு நோயும் ஆஸ்த்மாவும் உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் இதைத் தொடக்கூடாது. கொதிநீர்ச் சட்டியில் குழந்தையை உட்காரவைத்து ஆவி பிடிக்கச் செய்ய வேண்டாம். கொதிநீர் கவிழ்ந்து வெந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

3. தோலில் பூசும் எந்தத் தைலமும் சுத்தமாகப் பூசப்படக்கூடாது. ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு 2 சொட்டு போதும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும்.

4. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் டாக்டர் சொல்லாமல் எதையும் உபயோகிக்கக்கூடாது. வாய்வழியாக எவருக்கும் வேண்டாம்.

5. சாம்பிராணி புகைக்கும்போது சன்னல் திறந்திருக்கட்டும். இளைப்பு நோயாளியும் பச்சிளங்குழந்தையும் இருக்கும் அறையில் புகை வேண்டாம்.

6. குப்பிகள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. வாயை நீரால் துடைத்து, 108-க்குச் சொல்லி, குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆவடி, பூந்தமல்லி அரசு மருத்துவமனைகளும், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன.

நாட்டு வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் கற்றறிந்தவரிடம் போக வேண்டும். அரும்பாக்கத்தில் 1979 முதல் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது. அண்ணா மருத்துவமனை வளாகத்திலேயே சித்த வைத்தியமும் பார்க்கப்படுகிறது. அம்பத்தூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். படித்த ஹகீம் இவ்வளவு அருகில் இருக்கும்போது, படிக்காதவரின் குப்பியை நாடுவானேன்?

விற்போருக்கு ஒரு நஸீஹத்

சந்தன மரம் வயிரம் பாய ஏறத்தாழ 15 ஆண்டுகள் வேண்டும். அதன் எண்ணெய் விலை அதற்கேற்ப இருக்கும். ஆனால் சில ரூபாய்க்கு 'அசல் சந்தன அத்தர்' விற்கப்படுகிறது. கஸ்தூரி மானை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. ஆகவே, கடையில் 'அசல் கஸ்தூரி' என்று விற்பவர் ஒன்று பொய் சொல்கிறார், அல்லது சட்டத்தை மீறுகிறார். செயற்கை மணத்தைச் செயற்கை என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. பெயர் மாற்றி விற்பதுதான் குற்றம்.

கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்டதும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். மேலே பரிசுத்த பெயரும் உள்ளே ஈரமும் வைத்து விற்கும் சீசாக்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நாயகத்தின் பெயரை வியாபாரச் சீட்டாக்குகிறவர் அதற்குரிய உண்மையையும் சீசாவுக்குள் வைக்க வேண்டும்.

சகோதரர்களே! தனக்குத்தானே கேடு செய்வதும், பிறருக்குக் கேடு செய்வதும் கூடாது என்பது ஷரீஅத்தின் அடிப்படை. மணம் நல்லது, மருந்தும் நல்லது, அறிவோடு சேர்ந்தால்தான் இரண்டும் பரக்கத்தாகும். இன்று வீடு திரும்பியதும் முதல் வேலையாக, தைலக் குப்பிகளைக் குழந்தையின் கைக்கெட்டாத உயரத்தில் எடுத்து வையுங்கள். நாளை ஜும்ஆவுக்கு அத்தர் பூசும்போது, அதைப் படைத்தவனுக்கு ஷுக்ரு செய்யுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகளை எங்கள் அறியாமையின் கேட்டிலிருந்து காப்பாயாக! பயன் தரும் கல்வியையும், ஹலாலான சம்பாத்தியத்தையும், நறுமணம் கமழும் நற்குணத்தையும் எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.